பழைய துணி, புதுப் பொம்மை, நடுவில் ஒரு பிள்ளை

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நன்கொடையாக வந்த துணியைத் தரம் பிரிக்கும் மேசை முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கொடுப்பது பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தில் பாதி அன்றைக்கே கலைந்துவிடும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் துவைக்காத சட்டை வரும், ஜிப் பிய்ந்த கால்சட்டை வரும், எலாஸ்டிக் தொங்கிப்போன பாவாடை வரும், ஒற்றை ஷூ வரும் (இன்னொன்றை அந்த வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ). இத்தனைக்கும் நடுவில், இஸ்திரி போட்டு மடித்து, பட்டன் விட்டுப்போன இடத்தில் வேறு நிற நூலில் புதுப் பட்டன் தைத்து அனுப்பிய கவுன் ஒன்று வரும். அனுப்பியவர் யாரென்று தெரியாது, ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் நினைப்பாகவே இருக்கும்.

சில வருடங்கள் பண்டிகைக் காலத்தில் இந்த வேலைக்குப் போயிருக்கிறேன். முதல் வருடம் எனக்குக் கிடைத்தது ஒரு விசித்திரமான வேலை. பிள்ளைகளின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து, உள்பக்கம் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த பெண்மணி நிமிராமலேயே சொன்னார்: "அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே போட்டுக்கிட்டுப் போகும்."

அதற்கு முந்தின வருடம் நடந்ததாம். ஒரு சிறுமிக்கு நல்ல ஸ்வெட்டர் ஒன்று போயிருக்கிறது. கிட்டத்தட்ட புதுசு. விளையாடும்போது கழற்றி வைத்ததை இன்னொரு பிள்ளை எடுத்துப் பார்த்து, "ஐ, இதில் என் பேர் இருக்கு" என்று கத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தியது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குக் கழற்றிய ஸ்வெட்டரை இவள் மறுபடி போடவே இல்லை. குளிர் போய் வெயில் வரும்வரை நடுங்கிக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

நடுங்கினாலும் பரவாயில்லை, ஸ்வெட்டர் வேண்டாம் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால் அதற்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. பெரியவர்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு அதற்குத் தெரிந்திருக்கிறது. இதை ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். பொருளாதாரத்தின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் வருவாரே, அவர்தான். அத்தியாவசியம் என்பது உயிரோடு இருக்கத் தேவையானது மட்டும் கிடையாது, எது இல்லாவிட்டால் வெளியே தலைகாட்டக் கூச்சப்பட வேண்டியிருக்குமோ அதுவும் அத்தியாவசியம்தான் என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் லினன் சட்டை. பழைய கிரேக்கரும் ரோமானியரும் லினனே இல்லாமல் சுகமாகத்தான் வாழ்ந்தார்கள், ஆனால் என் காலத்தில் ஒரு தினக்கூலி லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான் என்று எழுதினார். இருநூறு வருடம் கழித்து இன்னொரு பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதையே பிடித்துக்கொண்டு, வெட்கப்படாமல் வெளியே வர முடிகிறதா என்பதும் வறுமையை அளக்கும் கோல்களில் ஒன்று என்று வாதாடினார்.

இது ஏதோ தத்துவம் என்று விட்டுவிட முடியாது. பிள்ளைகளின் வறுமையை அளக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் 17 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. பழம், காய்கறி, புத்தகம் எல்லாம் அதில் உண்டு. துணி என்ற இடத்தில் வெறுமனே துணி இருக்கிறதா என்று கேட்காமல், அடுத்தவர் போட்டு முடித்தது அல்லாத புதுத்துணி கொஞ்சமாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். காலுக்குச் சரியாகப் பொருந்தும் ஷூ இரண்டு ஜோடி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். விசேஷ நாட்களைக் கொண்டாட முடிகிறதா, நண்பர்களை வீட்டுக்கு அழைக்க முடிகிறதா என்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. சோறு வேறு கொண்டாட்டம் வேறு, முதலில் சோற்றைப் பாருங்கள் என்று நம்மில் பலர் சொல்வோம். பட்டியல் போட்டவர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள், அது சரிதான் என்று நினைக்கிறேன்.

துணி கொடுப்பதால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்றால், நடக்கிறது. கென்யாவில் தொடக்கப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை என்று 2003-ல் ஆக்கிய பிறகும் சீருடைக்குக் காசு வேண்டியிருந்தது. அங்கே குலுக்கல் போட்டுச் சில பிள்ளைகளுக்கு மட்டும் சீருடை கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன, முன்பு சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் பாதிக்கும் மேல். ஒரு செட் துணிக்கு இது பெரிய விஷயம். எட்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது எத்தனாவது வரை படித்தார்கள் என்பதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். துணி ஒரு பிள்ளையை வகுப்பறை வாசல்வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் நடக்க வேண்டியதற்கு வேறு ஆட்கள் வேண்டும்.

சரி, நாம் கட்டி அனுப்பும் மூட்டை எங்கே போகிறது?

பலர் நினைப்பது: மூட்டை நேராக ஒரு குடிசைக்குப் போகும், ஒரு பிள்ளை அதை வாங்கிச் சிரிக்கும். நடப்பது வேறு. பணக்கார நாடுகளில் பெரிய தொண்டு அமைப்புகளுக்கு வரும் துணியில் ஒரு பங்குதான் உள்ளூரில் கடை போட்டு விற்கப்படுகிறது. மீதி பழந்துணி வியாபாரிகளுக்குப் போகிறது. அவர்கள் அதை இறுக்கிப் பேல் கட்டிக் கப்பலேற்றுகிறார்கள். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கண்டமன்டோ என்று ஒரு சந்தை, உலகத்தின் பெரிய பழந்துணிச் சந்தைகளில் ஒன்று. சுமார் 55 கிலோ எடையுள்ள பேலை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே கடைக்காரர் வாங்குகிறார், நல்லதாக இருந்தால் லாபம், கறையும் கிழிசலுமாக இருந்தால் அவர் தலையில் துண்டு. கிழிசல் கடைசியில் அந்த ஊரின் குப்பைமேட்டிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கிறது. அந்தத் துணிக்கு அங்கே 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கிறவன் எவனாவது தூக்கிப் போடுவானா, ஆள் செத்திருப்பான் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்களாம்.

இதனால் உள்ளூர்த் தையல்காரர்கள் படுத்துவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் பழையது. கார்த் ஃப்ரேசர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008-ல் போட்ட கணக்குப்படி, 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவில் ஆடை உற்பத்தியில் ஏற்பட்ட சரிவில் சுமார் 40 சதவீதத்துக்கு இப்படி வந்து இறங்கிய பழைய துணி காரணம். மறுபக்கம், அந்தத் துணியை விற்றும், வெட்டித் தைத்தும், தலையில் சுமந்தும் பிழைக்கும் ஆயிரக்கணக்கானோர் அதே சந்தையில் இருக்கிறார்கள். அதனால் பழைய துணி கொடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். விற்றுக் காசாக்கி அந்தக் காசைப் பிள்ளைகளுக்குச் செலவழிப்பதும் நேர்மையான வழிதான், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால். மூட்டை கட்டும்போது நம் மனதில் ஓடும் படத்துக்கும் அது போகும் பாதைக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

பேரிடர் என்றால் நிலைமை இன்னும் மோசம். 1998-ல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. அப்போது நிவாரணப் பொருளோடு வந்த விமானம் ஒன்றால் தரையிறங்க முடியவில்லை, ஓடுபாதையில் நன்கொடைத் துணி பெட்டி பெட்டியாகக் கிடந்தது. 2012-ல் அமெரிக்காவின் நியூடவுனில் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, 30,000 பேர்கூட இல்லாத அந்த ஊருக்கு 60,000-க்கும் மேல் கரடி பொம்மைகள் வந்து குவிந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் துக்கத்தோடு கூடவே பொம்மைக்குக் கிடங்கும் தேட வேண்டியதாயிற்று. அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு அனுப்பியவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. வாங்குகிறவருக்கு இடம் இருக்கிறதா, கை இருக்கிறதா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பண்டிகைப் பரிசுக்கு வருவோம், அதன் கதை துணியிலிருந்து கொஞ்சம் வேறு. 1947-ல் லாஸ் ஏஞ்சலிஸில் டயான் ஹென்ட்ரிக்ஸ் என்ற பெண்மணி கையால் ஒரு துணிப்பொம்மை செய்தார். கணவர் பில், அமெரிக்க ராணுவத்தின் மரைன் என்ற படையில் ரிசர்வ் பிரிவு மேஜர். இதை ஏதாவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் தேடிப் பார்த்தார், இதற்கென்று ஓர் அமைப்பும் இல்லை. அப்படியானால் நீங்களே ஒன்று ஆரம்பியுங்கள் என்றார் மனைவி. அந்த வருடமே பில்லும் சக வீரர்களும் 5,000 பொம்மைகள் சேர்த்தார்கள், அடுத்த வருடம் அது நாடு முழுக்கப் பரவியது. டாய்ஸ் ஃபார் டாட்ஸ் என்று இன்றும் நடக்கும் திட்டம் அதுதான். ஆரம்பத்தில் பழைய பொம்மைகளையும் வாங்கி, வீரர்களே வார இறுதியில் உட்கார்ந்து ரிப்பேர் செய்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். 1980 முதல் புதுப் பொம்மை மட்டும்தான். வீரர்களுக்கு நேரமில்லை, பாதுகாப்புப் பிரச்சினை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கைமாறி வந்த பொம்மையைக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு நாம் சொல்ல நினைக்கும் சேதி போய்ச் சேராது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். காலருக்குள் இருந்த பெயரை ராணுவக்காரர்களும் பார்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு மாற்றம் 1979-ல் வந்தது. வர்ஜீனியா மாகாணத்தின் லிஞ்ச்பர்க் ஊரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்த சார்லஸ் ஒயிட், ஷர்லி ஒயிட் தம்பதியர், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வேண்டும், என்ன அளவு என்று கேட்டு, தேவதைப் படம் போட்ட வாழ்த்து அட்டையில் எழுதி, ஒரு வணிக வளாகத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். அட்டையை எடுப்பவர் அதில் உள்ளதை வாங்கித் தர வேண்டும். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, பிள்ளையிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். 1912-லேயே அமெரிக்கத் தபால்துறைத் தலைவர் ஃப்ராங்க் ஹிட்ச்காக், கிறிஸ்துமஸ் தாத்தா சான்டாவுக்கு வரும் கடிதங்களைத் தபால் ஊழியர்கள் பிரித்துப் படித்துப் பதில் போடலாம் என்று அனுமதித்திருந்தார். அதுவும் பிள்ளை தன் வாயால் கேட்டதைக் கொடுக்கும் வழிதான். இப்போது அந்தக் கடிதங்களில் பிள்ளையின் முழுப்பெயர், முகவரி எதுவும் தெரியாமல் மறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

கேட்டுக் கொடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பொருளாதாரத்தில் கொஞ்சம் குறும்பான ஓர் ஆய்வு இருக்கிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் தன் மாணவர்களிடம், பண்டிகைக்கு உனக்கு வந்த பரிசுகளை நீயே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டார். கொடுத்தவர்கள் செலவழித்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைவாகத்தான் அந்தப் பரிசுகள் மதிப்புப் பெற்றன. நெருங்கிய நண்பர் கொடுத்ததில் நஷ்டம் கம்மி, தூரத்து உறவு கொடுத்ததில் அதிகம். சொந்த மாமாவுக்கே நமக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை என்றால், முகமே பார்க்காத ஒருவர் 'பெண் குழந்தை, 9 வயது' என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வாங்க முடியும்? பொம்மைதான், அதுவும் இளஞ்சிவப்பில்.

பதின்ம வயதுப் பிள்ளைகள்தான் இதில் ரொம்ப அடிபடுகிறார்கள். குட்டிக் குழந்தைக்கு வாங்குவது எல்லாருக்கும் பிடிக்கும், கடைக்குப் போனால் கை தானாக அங்கேதான் போகிறது. சேகரிப்புப் பெட்டியைப் பிரித்தால் ஆறு வயதுக்குள் மலைபோலக் குவிந்திருக்கும், பதினான்கு வயதுக்கு வெறும் பை. துணியிலும் இதே கதை. உள்ளாடையும் சாக்ஸும் யாரும் கொடுப்பதில்லை, பழசு கொடுக்கவும் முடியாது. அதனால் தேவை அதிகம், வரத்து கம்மி என்கிற பட்டியலில் எப்போதும் முதலிடம் அவற்றுக்குத்தான். வளர்கிற பெண்பிள்ளைக்கு அளவான உள்ளாடை புதுசாக ஆறு வாங்கிக் கொடுங்கள், பண்டிகைக் களை அதில் இருக்காது, ஆனால் வருடம் முழுக்க அவள் தலைநிமிர்ந்து நடப்பாள். பேட்டரி போடும் பொம்மை கொடுத்தால் இரண்டு செட் பேட்டரியையும் சேர்த்துக் கொடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரிமோட் கார் கிடைத்த ஒரு பையன் அதை மூன்றே நாள் ஓட்டிவிட்டுப் பிறகு கையால் தள்ளி விளையாடியதை நானே பார்த்திருக்கிறேன். வாயால் 'டுர்ர்' என்று சத்தம் வேறு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி சொல்வோம். வாங்குகிறவனுக்குச் சொன்னது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விஷயத்தில் அதை அப்படியே திருப்பி, கொடுப்பதற்கு முன் மாட்டின் பல்லை நீயே பார்த்துவிடு என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். உன் வீட்டுப் பிள்ளைக்குப் போடுவாயா என்பதுதான் ஒரே கேள்வி, வேறு தரக்கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை.

இதுவரை சொன்னதில் ஓர் ஆள் வரவே இல்லை, கவனித்தீர்களா? அப்பாவோ அம்மாவோ. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஏழைகள் வாழும் பகுதிக்கே குடிபோய்ப் பல வருடம் வேலை செய்தவர் ராபர்ட் லப்டன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். வசதியான குடும்பம் ஒன்று கை நிறையப் பரிசுகளோடு வந்தது, பிள்ளைகள் குதித்தார்கள், அம்மா சங்கடமாகச் சிரித்தாள், அப்பா சத்தமில்லாமல் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். தன் பிள்ளைகளுக்குத் தன்னால் வாங்கித் தர முடியாததை வேறு யாரோ வந்து தன் கண்முன்னால் தருவதை எந்தத் தகப்பன் நின்று பார்ப்பான்? இத்தனை வருடமாக இந்த வேலையை நடத்திக்கொண்டிருந்தவரே தானும் அப்போதுதான் அதைப் பார்த்ததாகச் சொல்கிறார். அப்புறம் அவர் முறையை மாற்றினார். நன்கொடையாக வந்த பொம்மைகளை வைத்து ஒரு கடை போட்டார். பெற்றோர் வந்து குறைந்த விலை கொடுத்து வாங்கிப் போய்த் தங்கள் கையால் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கையில் காசு இல்லாதவர் கடையில் வேலை செய்து சம்பாதித்து வாங்கலாம். இந்தியாவில் அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் இதே நூலைப் பிடித்துத்தான் போகிறது. கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று ஊருக்கு வேண்டிய வேலையை ஊர்க்காரர்களே சேர்ந்து செய்கிறார்கள், துணி அதற்கு ஈடாக வருகிறது. துணி அதே துணிதான், வாங்குகிறவர் மட்டும் கை நீட்டி நிற்கவில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, காசாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் அதுதான் நல்லது. குடித்து அழித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா பொபோவாவும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கையில் பணம் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் பண்டிகை நேரத்தில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வாடகை பாக்கி வைத்திருக்கும் அம்மாவின் கையில் பணத்தைக் கொடுத்தால் அவள் வாடகைக்குத்தான் கொடுப்பாள், கொடுக்கத்தான் வேண்டும். பொம்மை வாடகைக்குப் போக முடியாது. ஒரு நாளாவது பிள்ளைக்கென்றே ஒதுங்கி நிற்கும் ஒரு பொருள் வீட்டுக்குள் வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. முடிந்தால் இரண்டும். ஒன்றுதான் முடியும் என்றால், பண்டிகை முடிந்த அடுத்த மாதம் கொடுங்கள், அப்போது ஒருத்தரும் வருவதில்லை.

போட்டோ பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எடுக்காதீர்கள். பையை வாங்கும்போது கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லப்படும் பிள்ளை, அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்து சிரிப்பதில்லை, ஐந்து வருடம் கழித்து வகுப்பில் எவனாவது அதைத் தோண்டி எடுப்பான்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஏழைப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசை இருக்கும். நண்பனின் பிறந்தநாளுக்கு வெறுங்கையோடு போக முடியாமல் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. நாங்கள் ஒரு வருடம் கொடுத்த சித்திரப் பெட்டியை ஒரு பெண் பிரிக்கவே இல்லை என்று கேள்விப்பட்டு, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, தோழியின் பிறந்தநாள் வரட்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஒரு மூலையில் சின்னச் சின்னப் பொருட்களாக வைத்து, பிள்ளைகள் வந்து அம்மாவுக்கோ தம்பிக்கோ எடுத்துப் போகலாம் என்று செய்தோம். அந்த மூலையில்தான் கூட்டம்.

நாங்களும் கடைசியில் கடை மாதிரிதான் வைத்தோம். பெற்றோர் மட்டும் உள்ளே வரலாம், மேசை மேசையாக வயதுவாரியாக அடுக்கியிருக்கும், சின்னத் தொகை ஒன்றைக் கட்டணமாக வைத்தோம், பேரம் பேசலாம், பேசவும் செய்தார்கள். முதல் நாள் வந்த ஓர் அம்மா ஒரு புதிர் விளையாட்டையும் ஒரு பந்தையும் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் யோசித்தார். பந்து என்றால் இருவரும் விளையாடுவார்கள், புதிர் என்றால் பெரியவன் கொஞ்ச நேரம் ஒரு இடத்தில் உட்காருவான், என்றெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டார். கடைசியில் புதிரை எடுத்தார். கட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு, தாளை மட்டும் கொடுங்கள், வீட்டில் நானே சுற்றிக்கொள்கிறேன் என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பார்த்தால், பெட்டியின் ஓரத்தில் நாங்கள் ஒட்டியிருந்த அமைப்பின் பெயர் போட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலை மட்டும் பசையோடு பிடித்துக்கொண்டு வர மறுத்தது. எச்சில் தொட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இன்னொரு தரம் தேய்த்து, சுத்தமானதும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து மீதிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஸ்டிக்கரை உரித்தோம். எப்படியும் முந்நூறு இருந்திருக்கும், மதியம் ஆகிவிட்டது.